குழல் மாற்றும் வேட்டைத் துப்பாக்கியா, தனித்தனித் துப்பாக்கிகளா?

முதல் துப்பாக்கியுடன் சில பருவங்கள் வேட்டைக்குப் போய் வந்தவர்கள் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில் வருகிறது. கையில் .243 அல்லது .308 வின்செஸ்டர் இருக்கிறது. எல்க் என்ற பெரிய மான் போன்ற கனத்த விலங்குக்கு இன்னொரு காலிபர், அதாவது வேறு துளை அளவும் அதற்குரிய தோட்டாவும், வேண்டும். அதற்காக முழுத் துப்பாக்கி ஒன்றை வாங்குவதா, குழலை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய, போல்ட் என்ற பூட்டுத் தண்டைக் கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு மாறிவிடுவதா? ஒரே உடலில் எல்லாக் காலிபரும் கிடைக்கும் என்று சொல்லித்தான் இந்த வகைத் துப்பாக்கிகள் விற்கப்படுகின்றன. அந்தப் பேச்சு சிலருக்கு முழுவதும் பொருந்துகிறது. வேறு சிலருக்கு ஒரு துப்பாக்கியின் விலைக்கு மேல் செலவழிக்க வைத்து, முடிவில் எப்போதும் ஒரே குழல் மாட்டியிருக்கும் ஒரு விலையுயர்ந்த கருவியைக் கையில் கொடுத்துவிடுகிறது. இந்த இருவரில் நாம் யார் என்பதை வாங்குவதற்கு முன்பே கண்டுகொள்ள முடியும்.

## அளவுகோல்கள்

எல்லாவற்றுக்கும் முதலாவது, குழலைக் கழற்றித் திரும்ப மாட்டினால் குண்டு பழைய இடத்திலேயே படுமா என்பதுதான். நூறு மீட்டரில் 3 செ.மீ. விலகல் முந்நூறு மீட்டரில் 9 செ.மீ. ஆகிறது. சிறிய மானின் நெஞ்சுப் பகுதி ஏறத்தாழ 15 செ.மீ. அகலம்தான் என்பதையும், சுடுபவரின் கை நடுக்கமும் காற்றும் இந்த விலகலின் மேல் வந்து சேரும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், இது வெறும் துல்லியக் கணக்காகத் தோன்றாது. காயத்தோடு ஓடும் விலங்குக்கும், நின்ற இடத்தில் விழும் விலங்குக்கும் உள்ள வேறுபாடு பல சமயம் இந்த அளவுக்குள்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஹெட்ஸ்பேஸ். மூடிய போல்ட்டின் முகத்துக்கும், தோட்டா அறையில் தோட்டாவைத் தாங்கி நிறுத்தும் தோள் பகுதிக்கும் இடையே உள்ள தூரத்துக்குப் பெயர் அது. .308 வின்செஸ்டருக்கு இதை அளக்கும் குறைந்தபட்ச அளவிக்கும், தாண்டக் கூடாத அளவிக்கும் இடையே இருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு, அதாவது சுமார் 0.1 மி.மீ. மட்டுமே. தொழிற்சாலையில் அமைத்த இந்த அளவு குழல் மாற்றும்போதும் தானாகக் காக்கப்படுகிறதா, ஒவ்வொரு முறையும் நாமே அமைக்க வேண்டியிருக்கிறதா என்பது ஒரு முறையை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் பெரிய கோடு.

மூன்றாவது, காலிபர் குடும்பம். தோட்டாவின் அடிவிளிம்பு ஒரே அளவாக இருந்தால் அதே போல்ட் முகப்பு போதும். .243, 7 மி.மீ.-08, .308, .270, .30-06, 6.5 கிரீட்மூர் ஆகியவற்றின் அடி ஏறத்தாழ 12 மி.மீ. என்பதால் அவை ஒரே குடும்பம். .223 ரெமிங்டனின் அடி 9.6 மி.மீ.; .300 வின்செஸ்டர் மேக்னம், .375 ஹெச் அண்ட் ஹெச் போன்றவற்றின் அடி 13.5 மி.மீ. குடும்பம் மாறினால் போல்ட் முகப்பும் மாற வேண்டும். தோட்டாக் கூட்டின் நீளமும் கணக்கில் வரும்: .308-க்கு 51 மி.மீ., .30-06-க்கு 63 மி.மீ. என்பதால், முகப்பு ஒன்றாகவே இருந்தாலும் தோட்டாக்களை அடுக்கும் மேகசின் மாறக்கூடும்.

இவற்றுக்குப் பிறகுதான் விலை, எடுத்துச் செல்லும் வசதி, பத்து ஆண்டுகள் கழித்துக் கூடுதல் குழல் கிடைக்குமா என்பதெல்லாம் வருகின்றன.

## தனித்தனியாக இரண்டு நிலைக்குழல் துப்பாக்கிகள்

ரெமிங்டன் 700, வின்செஸ்டர் மாடல் 70, டிக்கா டி3எக்ஸ் போன்ற, குழல் ரிசீவரில் (போல்ட் ஓடும் நடு உடலில்) நிலையாக முறுக்கப்பட்ட துப்பாக்கிகளுக்கு இருக்கும் பெரிய பலம், அவற்றில் கழற்றுவதற்கு எதுவும் இல்லை என்பதே. ஸ்கோப்பும் (குறி பார்க்கும் தொலைநோக்கியும்) குழலும் ரிசீவரும் ஒரே கட்டாக இருப்பதால், ஒரு முறை குறி சரிபார்த்துவிட்டால் இடையில் யாராவது இடித்தாலோ கீழே போட்டாலோ தவிர அது நகர்வதற்குக் காரணம் இல்லை. ஹெட்ஸ்பேஸ் பற்றி உரிமையாளர் நினைக்க வேண்டிய தேவையே எழாது.

குழல் மாற்றும் துப்பாக்கியால் ஒருபோதும் தர முடியாத இரண்டு வசதிகளும் இதில் உண்டு. துணைக்கு வருபவரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு நாம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். தொலைதூரக் காட்டில் ஒரு துப்பாக்கியின் விசையோ தோட்டாவைத் தட்டும் ஊசியோ பழுதானால், மற்றொன்றோடு பயணத்தை முடிக்கலாம். ஒரே ரிசீவரை நம்பி மூன்று குழல்களைக் கொண்டுபோனவருக்கு, அந்த ரிசீவர் பழுதானால் மூன்றுமே வெறும் இரும்பு.

குறை எங்கே என்றால், உடலின் பழக்கத்தில். தோளில் வைக்கும் கட்டையின் நீளம், விசையின் எடை, பாதுகாப்புப் பிடி இருக்கும் இடம், போல்ட்டைத் தூக்கும் கோணம் ஆகிய எல்லாம் இரண்டிலும் வேறுவேறாக இருந்தால், அந்தி வெளிச்சத்தில் அவசரமாகச் சுடும்போது கை ஒரு கணம் தேடும். இதைத் தவிர்க்க ஒரே மாதிரியில் இரண்டு காலிபர்களாக வாங்குவதே நல்லது. பலருக்கு இது தோன்றுவதில்லை; ஒரே மாடலின் .243-உம் .300 மேக்னமும் சேர்ந்து, மாடுலர் எனப்படும் குழல் மாற்றும் துப்பாக்கியின் பழக்க நன்மையில் பெரும்பகுதியைத் தந்துவிடுகின்றன.

## ஸ்கோப் குழலிலேயே அமரும் முறை

ஜெர்மனியின் பிளேஸர் நிறுவனம் 1993-இல் ஆர் 93-ஐயும், 2008-இல் அதன் அடுத்த தலைமுறையான ஆர் 8-ஐயும் வெளியிட்டது. இவற்றில் போல்ட்டைத் திருப்ப வேண்டியதில்லை. நேராக இழுத்து நேராகத் தள்ள வேண்டும். போல்ட்டின் தலையைச் சுற்றியுள்ள விரல்கள் போன்ற வளையம் விரிந்து, குழலின் உட்பக்கப் பள்ளத்திலேயே பூட்டிக்கொள்கிறது. சுடும்போது எழும் அழுத்தத்தைக் குழலும் போல்ட் தலையும் தமக்குள் தாங்கிக்கொள்வதால், ஹெட்ஸ்பேஸ் அவ்விரண்டின் அளவுகளில் அடங்கிவிடுகிறது. குழலை மாற்றுபவர் எதையும் அளக்க வேண்டியதில்லை.

மாற்றும் வேலையை அருகிலிருந்து பார்த்தால் இதன் தன்மை புரியும். மேசையில் துணி விரித்து, துப்பாக்கி வெறுமையாக இருப்பதை உறுதி செய்து, விசையும் மேகசினும் சேர்ந்த பாகத்தை அடியிலிருந்து எடுத்துவிட்டு, போல்ட்டைப் பின்னால் உருவ வேண்டும். கட்டையின் அடியில் இருக்கும் இரண்டு நட்டுகளை அதற்குரிய சாவியால் தளர்த்தினால் குழல் மேலே தூக்கியபடி வந்துவிடும். நட்டுகள் கட்டையிலேயே தங்கிவிடுவதால் புல்லில் விழுந்து தொலைய வழியில்லை. புதிய குழலை வைப்பதற்கு முன் அது உட்காரும் தளத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் படாத ஒரு மணல் துகளோ, உறைந்த பழைய எண்ணெயோ அங்கே இருந்தால் குழல் நேராக உட்காராது, குறியும் திரும்பி வராது. குறி தவறுகிறது என்று வரும் முறையீடுகளில் நான் முதலில் கேட்பது இந்தத் தளத்தைத் துடைத்தார்களா என்பதைத்தான்.

ஸ்கோப்பைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட் ரிசீவரில் இல்லாமல் குழலின் மேலேயே அமர்வது இந்த முறையின் உண்மையான சிறப்பு. குழலோடு ஸ்கோப்பும் சேர்ந்தே கழன்று, சேர்ந்தே திரும்புவதால், ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ஸ்கோப் வைத்திருப்பவர் குழலை மாற்றியபின் திருகு எதையும் தொட வேண்டியதில்லை. என் கருத்தில், குழல் மாற்றும் துப்பாக்கி என்ற எண்ணம் தன் முழுப் பயனையும் தருவது இந்த ஏற்பாட்டில்தான்.

ஆனால் அந்தப் பயன் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு நல்ல ஸ்கோப்பை வேண்டுகிறது. ஒரே ஸ்கோப்பை இரு குழலுக்கும் மாற்றி மாற்றி வைப்பவர் அந்தச் சிறப்பில் பாதியை விட்டுவிடுகிறார். மவுன்ட் பிளேஸருக்கே உரியது என்பதால், பொதுவான மவுன்ட் எதையும் இதில் பயன்படுத்த முடியாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

## ஸ்கோப் ரிசீவரில் அமரும் முறை

மவுசர் எம் 03 (2003), மெர்க்கல் ஹீலிக்ஸ் (2010), சாவர் 404 (2015) ஆகியவை இந்த வகை. மூன்றிலும் போல்ட் தலை குழலோடு பூட்டிக்கொள்வதால் ஹெட்ஸ்பேஸ் பற்றிய கவலை இங்கும் இல்லை. எம் 03-உம் 404-உம் போல்ட்டைத் திருப்பிப் பூட்டும் மரபான முறையைக் கொண்டவை. இரண்டிலும் சுடுவதற்குச் சற்று முன் கட்டைவிரலால் ஊசியின் வில்லை ஏற்றுகிறோம், சுடாவிட்டால் இறக்கிவிடுகிறோம். பிளேஸரிலும் இதே ஏற்பாடு உண்டு. பாறைகளில் ஏறி நடப்பவருக்கு இதைவிட நிம்மதி தரும் பாதுகாப்பு வேறில்லை என்று நினைக்கிறேன். 404-இல் தேவையான சாவி முன்பக்க வார்வளையத்துக்குள்ளேயே பொருந்தியிருப்பது, எளிதாகத் தோன்றினாலும் நன்றாக யோசித்துச் செய்த வேலை. ஹீலிக்ஸ் நேராக இழுக்கும் வகை. முன்கட்டையை அகற்றி ஒரு நெம்புகோலைத் தள்ளினால் சாவியே இல்லாமல் குழல் வந்துவிடும்.

ஆனால் குழல் மாறும்போது ஸ்கோப் ரிசீவரிலேயே தங்கிவிடுவதால், ஒவ்வொரு குழலுக்கும் குறியைத் திருத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, .308 குழலுக்கு நூறு மீட்டரில் குறி வைத்த ஸ்கோப், .300 மேக்னம் குழலை மாட்டியதும் 6 செ.மீ. மேலேயும் 3 செ.மீ. இடப்பக்கத்திலும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளிக்குக்கு 1 செ.மீ. நகரும் ஸ்கோப்பில் ஆறு கிளிக் கீழே, மூன்று கிளிக் வலப்பக்கம் திருப்ப வேண்டும்; .308-க்குத் திரும்பும்போது அதே எண்ணிக்கையை எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். இதை ஒரு சிறு தாளில் எழுதிக் கட்டையின் உட்புறத்தில் ஒட்டிவைப்பவர்களுக்குச் சிக்கல் வருவதில்லை. நினைவை நம்புபவர்களுக்கு வருகிறது. குழலுக்கு ஒரு ஸ்கோப் என்று கழற்றும் மவுன்டோடு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை போய்விடும். ஆனால் அப்போது செலவு பிளேஸருக்கு நிகராகிவிடும், ஸ்கோப்பையும் குழலையும் தனித்தனியே கழற்றும் வேலை மட்டும் மிஞ்சும்.

ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ மட்டும் குழல் மாற்றுபவருக்கு, மாற்றிய பின் சுடுதளத்துக்குப் போய்ச் சரிபார்க்கும் நேரமும் இருந்தால், இந்த வகை முழுவதும் போதும். ஹீலிக்ஸின் ரிசீவரில் மவுன்ட் பொருத்தும் பொதுவான தண்டவாளம் அமைந்திருப்பதால் மவுன்ட் தேர்வும் விரிவாகிறது.

## நட்டு வைத்த குழலும் தயார்க் குழலும்

சாவேஜ் நிறுவனத்தின் மாடல் 110 1958-இல் வந்தபோது, குழலை ரிசீவரில் ஒரு பூட்டு நட்டால் நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் ஹெட்ஸ்பேஸை மலிவாகவும் சரியாகவும் அமைக்க உதவிய அந்த நட்டு, பின்னாளில் வீட்டுப் பணிமேசையிலேயே குழல் மாற்றுபவர்களின் கருவியாயிற்று. போல்ட் தலையும் ஒரு குறுக்கு ஊசியைத் தட்டினால் கழன்று வரும் தனிப்பாகம் என்பதால் காலிபர் குடும்பத்தைக்கூட மாற்ற முடிகிறது. ரெமிங்டன் 700-க்கும் இதே நட்டு முறையில் தயார்க் குழல்கள் (அறை வெட்டி, மாட்டத் தயாராக வருபவை) கிடைக்கின்றன.

குழலின் விலையை மட்டும் பார்த்தால் இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் பிடிகருவி, நட்டுக்குரிய சாவி, ஒவ்வொரு காலிபருக்கும் இரண்டு ஹெட்ஸ்பேஸ் அளவிகள் ஆகியவை வேண்டும், 0.1 மி.மீ. இடைவெளிக்குள் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் நம்முடையது. அளவி இல்லாமல் தோட்டாவையே வைத்துப் பார்த்து இறுக்கும் வழக்கத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கூடு பிளந்து வாயு பின்னால் பாய்ந்தால் எதிரே இருப்பது சுடுபவரின் கண். தேய்ந்த குழலை மாற்றவோ, ஒரு காலிபரை விட்டு நிரந்தரமாக வேறொன்றுக்குப் போகவோ இது சிறந்த முறை. வேட்டை முகாமில் இரவில் குழல் மாற்றுவதற்கு உரியதன்று.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | இரண்டு நிலைக்குழல் | ஸ்கோப் குழலில் (ஆர் 8) | ஸ்கோப் ரிசீவரில் (எம் 03, 404, ஹீலிக்ஸ்) | நட்டுக் குழல் (சாவேஜ் 110) |
|---|---|---|---|---|
| குறி திரும்புவது | கழற்றவே வேண்டாம் | மிக நன்று, குழலுக்கு ஒரு ஸ்கோப் இருந்தால் | நன்று. கிளிக் கணக்கு தேவை | ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்க வேண்டும் |
| ஹெட்ஸ்பேஸ் | கவலையில்லை | கவலையில்லை | கவலையில்லை | நாமே அளக்க வேண்டும் |
| மாற்றும் நேரம் | இல்லை | சில நிமிடங்கள் | சில நிமிடங்கள் | பணிமேசையும் கருவிகளும் தேவை |
| கை, தோள் பழக்கம் | ஒரே மாடலானால் நெருங்கும் | ஒன்றே | ஒன்றே | ஒன்றே |
| பழுதானால் மாற்று | உண்டு | இல்லை | இல்லை | இல்லை |
| தொடக்கச் செலவு | நடுத்தரம் | மிக அதிகம் | அதிகம் | குறைவு |

## கண்ணில் படாத செலவுகள்

மாடுலர் துப்பாக்கியின் இரண்டாவது குழலுக்கு ஆகும் செலவில் நல்ல நடுத்தர நிலைக்குழல் துப்பாக்கி ஒன்றை முழுதாக வாங்கிவிடலாம் என்பது பலரும் கடையில் நிற்கும்போதுதான் உணரும் செய்தி. குடும்பம் மாறினால் போல்ட் தலை, கூடவே மேகசின் அல்லது அதன் உட்செருகி. இரண்டாவது ஸ்கோப், அதற்குரிய மவுன்ட். ஒலித்தணிப்பான் பயன்படுத்துபவரானால் புதிய குழலின் முனையிலும் அதே மரை இருக்க வேண்டும். குழலின் பருமனும் ஒரு பொறி. மெல்லிய குழலுக்கு வெட்டிய முன்கட்டையில் பருத்த குழல் உட்காராது. அப்போது கட்டையும் மாற வேண்டும்.

தோளில் விழும் உதையும் ஒருவகைச் செலவுதான். ஒரே எடையுள்ள உடலில் .308-ஐவிட .375 ஹெச் அண்ட் ஹெச்சின் உதை இரு மடங்குக்கும் மேல். மலை ஏறுவதற்கென்று மூன்று கிலோவுக்குள் கட்டிய துப்பாக்கியில் மேக்னம் குழலை மாட்டி, இரண்டு சுற்றுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் பிறகு சிறிய காலிபரிலும் தொற்றிக்கொள்கிறது.

தயாரிப்பு நின்றுபோவது நினைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று. அமெரிக்காவின் தாம்ப்சன்/சென்டர் 2012-இல் டைமென்ஷன் என்ற குழல் மாற்றும் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. குழல், போல்ட், மேகசின் ஆகியவற்றில் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் பொறித்து, ஒரே எழுத்துள்ளவை ஒன்றோடொன்று சேரும் என்ற தெளிவான ஏற்பாடு அதில் இருந்தது. விலையும் ஐரோப்பியத் துப்பாக்கிகளைவிட மிகக் குறைவு. அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. நிலைக்குழல் துப்பாக்கியின் தயாரிப்பு நின்றால் கையில் இருப்பது அப்படியே வேலை செய்யும். மாடுலரின் தயாரிப்பு நின்றால், நாளை வாங்கலாம் என்று நினைத்திருந்த குழல் கிடைக்காமலே போகலாம். ஆகவே தேவையான குழல்களைத் தொடக்கத்திலேயே வாங்கிவிட முடியாதவர், நீண்ட காலம் சந்தையில் நிலைத்த மாடலையே நாட வேண்டும்.

தவறான தோட்டா பற்றி ஒரு வார்த்தை. .223 குழலுக்குள் .300 பிளாக்அவுட் தோட்டா நுழைந்து, 7.62 மி.மீ. குண்டு 5.56 மி.மீ. துளையில் அடைபட்டுத் துப்பாக்கியே வெடித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. ஒரே உடலில் பல காலிபர் வைத்திருப்பவர் எந்தக் குழல் மாட்டியிருக்கிறது என்பதைப் பொறித்த எழுத்தில் படித்துவிட்டே தோட்டாவை எடுக்க வேண்டும். மற்றக் காலிபரின் தோட்டாக்கள் அன்று பையில் இருக்கவே கூடாது.

## சட்டமும் பயணமும்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ரிசீவர்தான் துப்பாக்கி. குழல் ஒரு உதிரிப்பாகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறையில் குழலும் போல்ட்டும் இன்றியமையாப் பாகங்கள். அவை துப்பாக்கியைப் போலவே கட்டுப்படுத்தப்படுகின்றன. பிரிட்டனில் கூடுதல் குழலுக்கும் உரிமச் சான்றிதழில் இடம் வேண்டும். துப்பாக்கிச் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பான சி.ஐ.பி.-யின் உறுப்பு நாடுகளில் ஒவ்வொரு குழலும் தனியே அழுத்தச் சோதனைக்கு உட்பட்டு முத்திரை பெற வேண்டும். எனவே, "குழல்தானே" என்று எல்லை தாண்டி வாங்கி வருவது பெருந்தவறாக முடியலாம். துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்து, குழலை அதில் எண்ணாத சட்டம் உள்ள இடத்தில் மட்டும், மாடுலருக்கு ஆதரவாக இது ஒன்றே போதுமான காரணம்.

விமானத்தில் போகிறவர்களுக்கு மாடுலர் உண்மையிலேயே கைகொடுக்கிறது. கழற்றிய துப்பாக்கி ஏறத்தாழ குழலின் நீளமே உள்ள பெட்டியில் அடங்கி, சாதாரணப் பயணப் பெட்டி போலத் தெரியும். இரண்டு குழல்களும் அதிலேயே போகும். ஒருவருக்கு 5 கிலோ என்ற தோட்டா வரம்பு பொதுவாக இருப்பதால், இரண்டு காலிபர்களுக்கும் அதைப் பங்கிட வேண்டியிருக்கும்.

## யாருக்கு எது

இரண்டாவது காலிபர் உண்மையிலேயே தேவையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. 1906 முதல் இருந்துவரும் .30-06, 150 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டோடு சிறிய மானுக்கும் 180 கிரெயின் குண்டோடு எல்க்குக்கும் போதுமானதாகவே இருந்துவருகிறது. ஒரே துப்பாக்கி, இரண்டு வகைத் தோட்டா, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி என்ற வழியில் நிறைவு காணக்கூடியவர் பலர்.

அதற்கு மேலும் தேவையிருந்து, இரண்டே காலிபர்கள் என்றால், வீட்டிலிருந்தே வேட்டைக்குப் போகிறவருக்கு ஒரே மாடலில் இரண்டு நிலைக்குழல் துப்பாக்கிகளையே நான் சொல்வேன். மூன்று காலிபர்களுக்கு மேல் போகிறவர், அடிக்கடி விமானத்தில் பயணிப்பவர், பெட்டகத்தில் இடமோ உரிமமோ குறைந்தவர் ஆகியோருக்கு ஸ்கோப் குழலில் அமரும் முறை அதன் விலைக்குத் தகுந்தது. போல்ட்டைத் திருப்பும் பழக்கத்தை விட மனமில்லாதவரும், பருவத்துக்கு ஒரு முறை மட்டும் குழல் மாற்றுபவரும் எம் 03 அல்லது 404-ஐ எடுக்கலாம்.

## வாங்கும் நாளில்

பழைய துப்பாக்கி என்றால், குழலை நிறுத்தும் திருகுகளின் தலையைப் பாருங்கள். சாவி நழுவி முனைகள் உருண்டிருந்தால், முன்னவர் தவறான கருவியால் இறுக்கியிருக்கிறார். குழலிலும் போல்ட் தலையிலும் பொறித்த காலிபர் குடும்பம் ஒத்துப்போக வேண்டும். பிறகு சுடுதளத்தில் நூறு மீட்டரில் மூன்று தோட்டா சுட்டு, குழலைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி மூன்று. இப்படி ஐந்து முறை. ஒவ்வொரு மூன்றின் நடுப்புள்ளியையும் ஒரே தாளில் குறித்துப் பாருங்கள். அந்த ஐந்து புள்ளிகளும் மூன்று தோட்டாத் துளைகள் சேர்ந்த ஒரு கூட்டத்தின் அகலத்துக்குள் அடங்கினால் வாங்கலாம். அடங்காவிட்டால், தளத்தை நன்றாகத் துடைத்து, திருகுகளை நிறுவனம் சொன்ன அளவில் இறுக்கி, இன்னொரு பதினைந்து தோட்டாக்களோடு மறுபடி தொடங்குங்கள்.